கிளட்ச் பெடல் தரையோடு போய்விட்டதா? கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சாக்கன் சிக்னலில் வண்டி நிற்கிறது. முதல் கியர் போட கிளட்சை மிதிக்கிறீர்கள். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரையைத் தொடுகிறது, திரும்பி மேலே வரவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். எப்படியோ வண்டியை ஓரம்கட்டி, பக்கத்து கேரேஜில் இருந்து ஆளைக் கூட்டி வந்தால், முதல் வார்த்தையே இப்படித்தான் வரும்: “கிளட்ச் போச்சு. கியர்பாக்ஸ் இறக்கணும்.”

சில நேரம் அது உண்மை. பல நேரம் இல்லை. ஒரு ரப்பர் வாஷர், ஒரு சொட்டு ஆயில் கசிவு, குழாய்க்குள் புகுந்த கொஞ்சம் காற்று, இற்றுப்போன ஒரு கேபிள் என்று சில நூறு ரூபாயில் முடியும் வேலையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு ஒரு நாள் வேலை, சில ஆயிரம் ரூபாய்.

ஊரில் அப்பாவின் வியாபாரத்துக்கு ஓடும் பொலேரோ பிக்கப், டெலிவரி தொழிலுக்கு நீங்கள் வாங்கிய டாடா ஏஸ், வார இறுதியில் சஹ்யாத்ரி மலைப்பக்கம் எடுத்துப்போகும் இசுசூ வி-கிராஸ் என எதுவாக இருந்தாலும், அடிப்படை ஒன்றுதான். இந்தக் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை கியர்பாக்ஸை இறக்காமலே எப்படிக் கண்டுபிடிப்பது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

கிளட்ச் என்னதான் செய்கிறது?

இன்ஜினின் பின்பக்கம் சுழலும் கனமான சக்கரம் ஃப்ளைவீல். அதன் மீது கிளட்ச் பிளேட்டை ஒரு பிரஷர் பிளேட் அழுத்திப் பிடித்திருக்கும். அழுத்தம் இருக்கும்வரை இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகும். நீங்கள் பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தம் விலகும், பிளேட் தனியே சுழலும், கியர் மாற்ற முடியும்.

அதாவது, பெடலை மிதிப்பது கிளட்சைப் ‘பிடிக்க’ இல்லை, ‘விடுவிக்க’. இது ஏன் முக்கியம் என்றால், கோளாறுகள் இரண்டே வகைதான்:

- சரியாக விடவில்லை: கியர் விழாது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கும். முதல் கியரில் கிளட்சை முழுக்க மிதித்திருந்தாலும் வண்டி மெல்ல நகரும்.
- சரியாகப் பிடிக்கவில்லை: ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. மேட்டில் கருகிய வாசனை வரும். இதைத்தான் ‘கிளட்ச் ஸ்லிப்’ என்கிறோம்.

முதல் வகையில் கோளாறு பெரும்பாலும் பெடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே, வெளியில் இருக்கும். இரண்டாவது வகையில் பெரும்பாலும் உள்ளே, பிளேட்டில் இருக்கும். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். விதிவிலக்குகளையும் கீழே பார்ப்போம்.

உங்கள் வண்டியில் கேபிளா, ஹைட்ராலிக்கா?

சிறிய சரக்கு வண்டிகளில் பெடலையும் கிளட்சையும் இணைப்பது ஒரு கேபிளாக இருக்கலாம், சைக்கிள் பிரேக் மாதிரி. பெரிய பிக்கப்களில் பொதுவாக ஹைட்ராலிக். பானெட்டைத் திறந்து, டிரைவர் பக்கம் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு அருகே பாருங்கள். அங்கே இன்னொரு சிறிய சிலிண்டர் இருந்தாலோ, பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தனியாகப் பிரிந்து போனாலோ, அது ஹைட்ராலிக் கிளட்ச்.

ஹைட்ராலிக் அமைப்பில் இரண்டு சிலிண்டர்கள். பெடலோடு இணைந்தது மாஸ்டர் சிலிண்டர். கியர்பாக்ஸ் பக்கத்தில் இருப்பது ஸ்லேவ் சிலிண்டர். கேரேஜில் இவற்றை ‘கிளட்ச் அப்பர்’, ‘கிளட்ச் லோயர்’ என்பார்கள். நீங்கள் பெடலை மிதித்தால் அப்பர் ஆயிலைத் தள்ளும், ஆயில் லோயரின் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ஒரு ஃபோர்க்கை நகர்த்தும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை நகர்த்தி பிரஷர் பிளேட்டை விடுவிக்கும்.

கொஞ்சம் காற்று ஏன் இவ்வளவு தொல்லை?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். உதாரணத்துக்கு, உங்கள் பெடல் 140 மி.மீ. கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெடலின் நெம்புகோல் விகிதம் 5-க்கு 1. எனவே அப்பர் சிலிண்டரின் பிஸ்டன் நகர்வது 28 மி.மீ. மட்டும். லோயர் சிலிண்டரின் பரப்பு ஒன்றரை மடங்கு என்றால், அங்கே நகர்வு சுமார் 19 மி.மீ. ஆகிவிடும்.

தூரம் குறைவதற்குப் பதிலாக விசை கூடுகிறது. உங்கள் காலின் 10 கிலோ அழுத்தம் லோயர் சிலிண்டரில் 75 கிலோவாக மாறுகிறது. பள்ளியில் படித்த பாஸ்கல் விதி இங்கேதான் வேலை செய்கிறது.

ஆனால் அந்த 19 மி.மீ.தான் உங்கள் மொத்தக் கையிருப்பு. ஆயிலை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் புகுந்த காற்று 5 மி.மீ. நகர்வை விழுங்கிவிட்டால், மிச்சம் 14 மி.மீ. கிளட்சை முழுசாக விடுவிக்க அது போதாமல் போகலாம். பிளேட் புதுசாகவே இருந்தாலும் கியர் விழாது. இதைத்தான் அவசரத்தில் ‘கிளட்ச் போச்சு’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

பெடல் என்ன சொல்கிறது?

காலுக்குத் தெரியும் அறிகுறிகளை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

- பெடல் தரையோடு போய் அங்கேயே நிற்கிறது: ஆயில் கசிவு, அப்பர் அல்லது லோயர் சிலிண்டர் ரப்பர் தேய்வு, அல்லது கேபிள் அறுந்தது.
- பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது, நாலைந்து முறை அடித்து மிதித்தால் சரியாகிறது: குழாயில் காற்று, அல்லது எங்கோ மெல்லிய கசிவு.
- மிதித்துப் பிடித்தால் மெதுவாகக் கீழே இறங்குகிறது, ஆனால் வெளியே கசிவே இல்லை: அப்பர் சிலிண்டரின் உள் ரப்பர் ஆயிலைப் பின்னால் விடுகிறது.
- பெடல் ரொம்ப இறுக்கம்: கேபிள் உறைக்குள் துரு, பெடல் பிவட் காய்ந்திருப்பது, அல்லது பிரஷர் பிளேட் தேய்வு.
- மிதிக்கும்போது மட்டும் சீறும் சத்தம்: ரிலீஸ் பேரிங்.
- காலை எடுத்தால் சத்தம், மிதித்தால் மறைகிறது: கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்காக இருக்கலாம்.
- கிளட்சை விடும்போது வண்டி உதறுகிறது: பிளேட்டில் எண்ணெய், ஃப்ளைவீலில் சூட்டுத் தழும்பு, அல்லது இன்ஜின் மவுண்ட் தளர்வு.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வையுங்கள். முதல் நான்கு சோதனைகளுக்கும் இன்ஜின் ஆஃப்.

1. மேட்டைத் தூக்கிப் பாருங்கள். சிரிக்காதீர்கள். மழைக்காலத்தில் ரப்பர் மேட் மீது சாக்கு, அதன் மீது இன்னொரு மேட் என்று அடுக்கியிருப்பார்கள். பெடல் முழுத் தூரம் இறங்க இடமே இருக்காது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள்.

2. ஆயில் அளவு. டப்பாவில் மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. அப்படியென்றால் இது கிளட்ச் பிரச்னை மட்டுமில்லை, பிரேக் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் கிளட்சில் பிளேட் தேயத் தேய லோயர் பிஸ்டன் பின்னால் போகும். அதனால் கிளட்சுக்கெனத் தனி டப்பா இருந்தால், அதில் ஆயில் அளவு கொஞ்சம் உயரவே செய்யும். ஆகவே அளவு இறங்கினால் ‘பிளேட் தேய்ந்திருக்கும்’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

3. மூன்று இடங்களில் ஈரம். டார்ச் எடுத்து பெடலுக்கு மேலே, சிலிண்டரின் தண்டு உள்ளே போகும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் அப்பர் சிலிண்டர் கசிகிறது. அடுத்து கியர்பாக்ஸ் பக்கவாட்டில் லோயர் சிலிண்டரின் ரப்பர் உறை. அதன் ஓரத்தை மெல்ல விலக்கினால் ஆயில் வடிந்தால் லோயர் கசிகிறது. மூன்றாவது, இரண்டையும் இணைக்கும் குழாயும் ரப்பர் ஹோஸும். பெடலை மிதிக்கும்போது ஹோஸ் பலூன் மாதிரி உப்பினால் அதையும் மாற்ற வேண்டும்.

4. லோயர் சிலிண்டரின் தண்டு நகர்கிறதா? இந்தச் சோதனைதான் தீர்ப்பு சொல்லும். நண்பர் ஒருவரை உட்கார வைத்து பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் லோயர் சிலிண்டரின் தண்டை மட்டும் கவனியுங்கள். கையை அருகில் கொண்டுபோக வேண்டாம்.

- தண்டு நகரவே இல்லை, அல்லது கொஞ்சமாக நகர்கிறது: கோளாறு ஹைட்ராலிக்கில். கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை.
- தண்டு தாராளமாக நகர்கிறது, ஆனாலும் கியர் விழவில்லை: கோளாறு உள்ளே. ஃபோர்க், ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட் அல்லது பிளேட். இப்போது மெக்கானிக் சொல்வது நியாயம்.

சில நவீன வண்டிகளில் லோயர் சிலிண்டர் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து கியர்பாக்ஸ் உறைக்குள்ளேயே இருக்கும். அவற்றில் இந்தச் சோதனை செய்ய முடியாது. கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்துக்குக் கீழே பிரேக் ஆயில் சொட்டினால், அங்கே இறக்குவதைத் தவிர வழி இல்லை.

5. ஸ்லிப் சோதனை. காலியான, நீளமான சாலையில் மூன்றாவது அல்லது நாலாவது கியரில் மிதமான வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் குபீரென்று ஏறி, வேகமானி அப்படியே நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முறையும் பிளேட் சூடாகி இன்னும் தேயும்.

ஸ்லிப் என்றாலே பிளேட் மாற்றணுமா?

இல்லை. முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான்.

கேபிள் வண்டியில் பிளேட் தேயும்போது கேபிளின் தளர்வு குறைந்துகொண்டே வரும். பெடலை விரலால் அழுத்தினால், எதிர்ப்பு வருவதற்கு முன் கொஞ்சம் சும்மா இறங்க வேண்டும். அதுதான் ‘ஃப்ரீ பிளே’. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் ஓனர் மேனுவல் அல்லது சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவே சரி. அது சுத்தமாக இல்லாவிட்டால், நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே இருக்கும். கேபிள் முனையின் நட்டைத் திருகி அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகலாம்.

ஹைட்ராலிக் வண்டியில் ஹோஸின் உள்பக்கம் வீங்கி அடைத்துக்கொண்டால், ஆயில் போகும், திரும்பி வராது. அழுத்தம் உள்ளேயே தங்கிவிடும், கிளட்ச் வழுக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: வழுக்கும் நிலையில் வண்டியை நிறுத்தி, லோயர் சிலிண்டரின் ப்ளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் அழுத்தத்தோடு பீறிட்டு, அதன் பிறகு கிளட்ச் ஒழுங்காகப் பிடித்தால், குற்றவாளி பிளேட் இல்லை. ஹோஸ் அல்லது அப்பர் சிலிண்டர்.

இரண்டும் இல்லை, கருகிய வாசனையும் இருக்கிறது என்றால், பிளேட் முடிந்தது.

ஆயில், காற்று: ரிப்பேர் எப்படி நடக்கிறது?

கசிவு எங்கே என்று தெரிந்த பிறகு இரண்டு வழிகள். ரப்பர் கிட் மாற்றலாம், அல்லது சிலிண்டரையே மாற்றலாம். முடிவு செய்வது சிலிண்டரின் உள்சுவர். பிஸ்டனை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் கிட் போதும். கோடுகளோ துருப்புள்ளிகளோ இருந்தால் புது ரப்பரும் சீக்கிரமே கிழியும். அங்கே கிட் போட்டுக் காசு மிச்சம் பிடிப்பது, அதே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுப்பதில்தான் முடியும்.

துரு எங்கிருந்து வருகிறது? கிளட்சுக்கும் பிரேக்குக்கும் பயன்படும் டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் சேர்ந்த பிறகு இந்த அளவு 155 டிகிரி. டாட் 3-க்கு இவை 205, 140. புனே பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. பாதி திறந்து வைத்த பாட்டிலை அடுத்த வருடம் எடுத்து ஊற்றினால், துருவையும் சேர்த்தே ஊற்றுகிறீர்கள். சீல் உடைக்காத பாட்டில் வாங்குங்கள். மேனுவல் வேறு கெடு சொல்லாவிட்டால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுவது நல்லது.

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டு கலந்தாலும், உள்ளே இருக்கும் ரப்பர்கள் ஊதிப்போகும். பிறகு இரண்டு சிலிண்டரும் போய்விடும். பொது டப்பா என்றால் பிரேக்கும் சேர்ந்து கெடும். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், அதையும் இவற்றோடு கலக்கக் கூடாது.

அடுத்து, காற்றை வெளியேற்றுவது. ‘ஏர் எடுக்கிறது’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். இரண்டு பேர் வேண்டும்.

1. டப்பாவை மேல் கோடு வரை நிரப்புங்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயிண்டை அரித்துவிடும்.
2. லோயர் சிலிண்டரின் நிப்பிளில் ஒரு தெளிவான ட்யூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள்.
3. ஒருவர் பெடலை மெதுவாக நாலைந்து முறை மிதித்து, கடைசியில் மிதித்துப் பிடிக்க வேண்டும்.
4. இன்னொருவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். ஆயிலோடு குமிழ்கள் வரும்.
5. நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும்.
6. குமிழ் நிற்கும்வரை தொடருங்கள். நடுவில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. அது கறுப்பாக, சேறு மாதிரி வந்தால் ரப்பர் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஏர் எடுத்த பிறகு பெடல் சரியாகி, ஒரு வாரத்தில் மறுபடி மெத்தென்று ஆனால், கசிவு இன்னும் இருக்கிறது. காற்று தானாகப் பிறப்பதில்லை. ‘ஏர் எடுத்தாச்சு’ என்பதோடு வேலை முடிவதில்லை, காற்று எப்படி உள்ளே வந்தது என்பதற்கும் பதில் வேண்டும்.

கியர்பாக்ஸ் இறக்கியே ஆக வேண்டும் என்றால்?

அப்போது கூலிதான் பெரிய செலவு. எனவே ஒருமுறை இறக்கும்போது பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

- கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுவது நல்லது. பேரிங்கை மட்டும் விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி இறக்குவது வீண்.
- ஃப்ளைவீலில் நீலத் தழும்பு, விரிசல், ஆழமான கோடு இருக்கிறதா?
- இன்ஜினின் பின் ஆயில் சீலும் கியர்பாக்ஸின் முன் சீலும் கசிகின்றனவா? கசிந்தால் புது பிளேட்டிலும் எண்ணெய் படும்.
- ஃபோர்க்கும் அது உட்காரும் பிவட்டும் தேய்ந்திருக்கிறதா?
- லோயர் சிலிண்டர் உள்ளே இருக்கும் வகை என்றால், அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

உள்ளே படிந்த தூசியைக் காற்றழுத்தத்தால் ஊத விடாதீர்கள். பழைய உராய்வுப் பட்டைகளில் கல்நார் இருந்தது. இன்றைய பட்டைகளின் தூசியும் நுரையீரலுக்கு நல்லதல்ல. ஈரத் துணியால் துடைப்பதே சரி.

சாலையில் போகும்போது பெடல் போய்விட்டால்?

சமவெளியில் இது தொல்லை. மலைப்பாதையில் ஆபத்து. மும்பை பக்கம் போனால் போர் காட், சாத்தாரா பக்கம் போனால் கம்பாட்கி காட் என்று புனேயைச் சுற்றி ஏற்ற இறக்கங்கள்தான்.

இறக்கத்தில் பெடல் போனால் நினைவில் வைக்க வேண்டியது இது: நியூட்ரலுக்குப் போகாதீர்கள், இன்ஜினை அணைக்காதீர்கள். பொது டப்பா காலியாகாதவரை கிளட்ச் கோளாறு பிரேக்கை உடனே பாதிக்காது. எந்தக் கியரில் இருக்கிறீர்களோ அதிலேயே இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஹசார்ட் விளக்கைப் போட்டு, பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, இடதுபுறம் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். கடைசியில் இன்ஜின் குலுங்கி அணையும், பரவாயில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காத்ரஜ் புதிய சுரங்கப்பாதையிலிருந்து நவலே பாலம் வரை தேசிய நெடுஞ்சாலை 48 நீண்ட சரிவாக இறங்குகிறது. 2022 நவம்பர் 20 அன்று இரவு அந்தச் சரிவில் கட்டுப்பாட்டை இழந்த ஒரு கனரக வாகனத்தால் சுமார் 48 வாகனங்கள் சேதமடைந்தன. முதலில் பிரேக் பழுது என்று பேசப்பட்டது. சரிவில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை இறக்கியதே காரணமாக இருக்கலாம் என்று பிறகு காவல்துறை சொன்னது. இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறக்கினால் இன்ஜின் பிரேக்கிங்கும் இல்லை, பிரேக்குக்கு உதவும் சக்தியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். அவசரத்துக்கு 112.

கிளட்ச் இல்லாமல் வண்டியை ஓரத்துக்கு நகர்த்த வேண்டுமா? இன்ஜினை அணைத்து, முதல் கியர் போட்டு, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியைத் தள்ளும். ஆபத்தான இடத்திலிருந்து சில மீட்டர் நகர மட்டும் இது. இப்படியே ஹிஞ்சவாடி டிராஃபிக்கில் வீடு வரை போகலாம் என்று நினைக்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

புனேயில் பிக்கப்புக்கு மெக்கானிக் கிடைப்பது கஷ்டமில்லை. டாடா ஏஸ் 2005-ல் முதலில் இங்கேதான் உருவானது. போசரி, சாக்கன், நிக்டி டிரான்ஸ்போர்ட் நகர் பக்கம் சரக்கு வண்டி வேலை தெரிந்த கைகள் நிறைய. உதிரி பாகங்களுக்கு நானா பேட் கடைகள் இருக்கின்றன. மொழி மட்டும்தான் சிலருக்குத் தடை. இந்த மூன்று மராத்தி வாக்கியங்கள் உதவும்:

- “ஆதி லோயர் சிலிண்டர் பகா.” (முதலில் லோயர் சிலிண்டரைப் பாருங்கள்.)
- “ஏர் காடா.” (ஏர் எடுங்கள்.)
- “ஜுனே பார்ட் பரத் த்யா.” (பழைய பார்ட்டைத் திருப்பிக் கொடுங்கள்.)

மூன்றாவதை மறக்காதீர்கள். மாற்றியதாகச் சொல்லும் பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தால், மாற்றியது சரி. பட்டை தடிமனாகவே இருந்து, எண்ணெய்க் கறையோ கருகலோ இல்லாவிட்டால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பார்ட் எண்ணோடு பில் வாங்குங்கள்.

சேவைக் குறைபாடு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் வணிக நோக்கத்துக்காகப் பெறும் பொருளும் சேவையும் பொதுவாக இந்தச் சட்டத்துக்குள் வராது. சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாக மட்டும் வாங்கிய பொருளுக்கு விலக்கு உண்டு. ஒரே பிக்கப்பைத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கும், பத்து வண்டி வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் நிலைமை ஒன்றல்ல.

மறுபடி வராமல் இருக்க?

- கிளட்ச் பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டாதீர்கள். லேசான அழுத்தம்கூட ரிலீஸ் பேரிங்கைத் தேய்க்கும்.
- சிக்னலில் நின்றால் நியூட்ரல் போட்டு பெடலை விட்டுவிடுங்கள்.
- மேட்டில் அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். அதற்குத்தான் ஹேண்ட்பிரேக்.
- ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றாதீர்கள். கூடுதல் எடையோடு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதை முதலில் சுமப்பது கிளட்ச் பிளேட்தான்.
- மாதம் ஒருமுறை ஆயில் டப்பாவைப் பாருங்கள். அரை நிமிட வேலை.

மொத்தத்தில் வரிசை இதுதான்: மேட், ஆயில், ஈரம், தண்டு, அதற்குப் பிறகே கியர்பாக்ஸ். முதல் நாலும் உங்கள் கையில், ஒரு டார்ச்சும் ஒரு நண்பரும் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும். அதைப் பார்த்துட்டு கேரேஜுக்குப் போங்கள். “கிளட்ச் போச்சு” என்று சொன்னால், “லோயர் தண்டு எவ்வளவு நகருது?” என்று திருப்பிக் கேளுங்கள். மேலே என்ன வேலை செய்யணும் என்பதை அந்தப் பதிலிலிருந்து முடிவு செய்யலாம்.